முரசு கேட்டு வந்த குடிகள்

முன்னொரு காலத்தில், பெயர் மறந்துபோன ஒரு நாட்டில், ஒரு மகாராஜாவுக்குக் கால் வழுக்கியது.

சாதாரண வழுக்கல் இல்லை. மழை விட்ட மாலையில் அண்டை நாட்டுத் தூதரை நந்தவனத்துக்கு அழைத்துப்போய், தம் முன்னோர் வென்ற போர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். ஏழாவது போரின் நடுவில் ஒரு மண்புழுவின் மேல் கால் வைத்தார். அடுத்த கணம் கிரீடம் ஒரு பக்கம், மகாராஜா ஒரு பக்கம். தூதர் மரியாதை தெரிந்தவர், வானத்தைப் பார்த்தார். உப்பரிகையில் நின்ற மகாராணிதான் சிரித்துவிட்டார்.

இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டே மகாராஜா உத்தரவு போட்டார்.

"நந்தவனத்துத் தரை முழுவதும் கல் பரப்புங்கள். இனி என் காலடியில் புழு, பூச்சி, மண் எதுவும் இருக்கக் கூடாது."

"உத்தரவு" என்று முதலில் குனிந்தவர் கோதண்டப் பிரதானி. அவருடைய மைத்துனருக்கு ஊருக்கு வெளியே ஒரு கல்மலை சொந்தமாக இருந்தது.

மற்றவர்களும் குனிந்தார்கள். அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மகாராஜாவின் தலைக்கு மேல் எவர் தலையும் உயரக் கூடாது. இடுப்பு வலியால் அவர் தாழ்ந்த ஆசனத்தில் சாய்ந்திருந்த அந்த நாட்களில் சபை முழுவதும் கூன் விழுந்தே நடமாடியது.

எட்டாம் நாள் கல் வண்டிகள் வாசலில் வந்து நின்றபோது, விகடகவி தாண்டவனுக்குப் பொறுக்கவில்லை. பன்னிரண்டு வருடமாக அவன் நந்தவனத்து மகிழ மரத்தடியில் குந்தித் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பவன். சும்மா இருக்கிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அவன் பிழைப்பே அங்கேதான் இருந்தது. ஓர் எறும்பு தன்னைவிடப் பெரிய தும்பியிறகை இழுத்துக்கொண்டு, வந்த வழியிலேயே மூன்று முறை திரும்பிப் போனதைப் பார்த்துத்தான், பிரதானியின் நிர்வாகத்தைப் பற்றிய தன் புகழ்பெற்ற விகடத்தை அவன் கண்டுபிடித்தான். அன்றிலிருந்து மகாராஜா பிரதானியைக் கண்டதும், "என்ன, இறகு எதுவரை வந்திருக்கிறது?" என்று கேட்பார். பிரதானிக்குத் தாண்டவன் மேல் இருந்த வெறுப்புக்கு வேறு காரணம் தேவையில்லை.

"மகாராஜா, தங்கள் பாட்டனார் வாசலில் வெட்டி வைத்த கல்வெட்டு இன்னும் செல்லுபடியாகுமா?" என்று கேட்டான் தாண்டவன்.

"எந்தக் கல்வெட்டு?"

"எந்த இடத்தை இடித்துக் கட்டுவதானாலும், முதலில் அங்கே முரசறைந்து, குடியிருப்பவர்களை அழைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்ட பிறகே கடப்பாரை விழ வேண்டும் என்பது. நந்தவனத்துத் தரைக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு யாரும் முரசறையவில்லையே?"

பிரதானி வாய்விட்டுச் சிரித்தார். "குடியிருப்பவர்களா? அங்கே ஒரு மண்ணும் இல்லை, மகாராஜா!"

"மண்ணே இல்லையென்றால் மகாராஜா எதன் மேல் விழுந்தார், பிரதானியாரே?"

சபையில் யாரோ களுக்கென்றார்கள். மகாராஜாவின் முகம் சிவந்தது. விழுந்த கதையை நினைவுபடுத்தியது தப்பு என்று தாண்டவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நல்லது" என்றார் மகாராஜா. "நாளைக் காலை முரசு அறையப்படும். உன் குடிகள் தாமாக வந்து எம்முன் நிற்க வேண்டும். நீ தோண்டக் கூடாது, தொடக் கூடாது. வந்தால் கல்லைத் திருப்பி அனுப்புகிறேன். வராவிட்டால் கல் இறங்கும், நீ இந்த மண்ணை விட்டே போக வேண்டும்."

"விகடகவியார் உள்ளே நுழைந்து ஏதும் செய்துவிடாதபடி நந்தவனத்துக்குக் காவல் போடுகிறேன்" என்றார் பிரதானி, மிகுந்த அக்கறையோடு.

செய்தி தாண்டவனுக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டது. மனைவி குப்பாச்சி பானைகளைக் கயிற்றால் கட்டி வாசலில் அடுக்கிவிட்டு, வழிக்கு அவலாவது ஆகட்டும் என்று கொல்லையில் உலக்கை போட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க வாய்க்கு ஒரு தாழ்ப்பாள் போட்டா என்னங்க? பொண்ணுக்காக ஊரை விட்டு ஓடினவன் உண்டு, மண்ணுக்காக ஓடினவன் உண்டு. புழுவுக்காகப் போறவரு நீங்க ஒருத்தர்தான்."

தாண்டவன் உரலுக்குப் பக்கத்தில் குந்தி, வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாத்திரம் கழுவிய தண்ணீர் ஊறிய ஈரமண். உலக்கை தொம் தொம் என்று விழ விழ, உரலைச் சுற்றி ஒரு மண்புழு தலை நீட்டியது. பிறகு இன்னொன்று. பிறகு நான்கு.

"குப்பாச்சி, நிறுத்தாதே! போடு, இன்னும் போடு!"

"அவல் மாவாயிரும்."

"ஆகட்டும். அவங்களுக்கு அதிர்வு கேக்குது பாரு!" என்றவன், உடனே முகம் வாடினான். "என்ன பிரயோசனம்? எட்டு நாள் வெயில்ல நந்தவனம் காஞ்சு கெடக்கு. புழுவெல்லாம் ஆழத்துக்குப் போயிருக்கும். ஒரு குடம் தண்ணி ஊத்தலாம்னாலும் உள்ள விடமாட்டாங்க."

"அப்போ பானைக் கட்டை அவிழ்க்கட்டுமா, வேண்டாமா?"

"இருக்கட்டும்" என்றான் தாண்டவன்.

மறுநாள் காலை, தூக்கத்தைத் தொலைத்த கண்களோடு நந்தவன வாசலுக்கு வந்தான். காவற்காரன் அவன் காதருகே வந்தான்.

"ஐயா, சங்கதி தெரியுமா? நேத்து சாயங்காலத்திலேருந்து பிரதானி ஐயா முப்பது பேரை வெச்சுத் தண்ணி எறைச்சிருக்காரு. இருக்கிற பூச்சி புழுவும் முழுகிச் சாகட்டும்னு சொன்னாரு. உங்க பாடு அவ்வளவுதான்."

தாண்டவன் எட்டிப் பார்த்தான். மகிழ மரத்தடியில் தண்ணீர் பளபளத்தது. பிரதானி எதிரே வந்திருந்தால் அவரைக் கட்டிப்பிடித்து முத்தமே கொடுத்திருப்பான்.

மகாராஜாவும் சபையும் வந்து சேர்ந்தார்கள். பெருமுரசை யானைமேல் ஏற்றப் போனார்கள். தாண்டவன் மறித்தான்.

"மேலே இருப்பவர்களை அழைக்கத்தான் யானை. கீழே இருப்பவர்களுக்கு முரசு கீழே இருக்க வேண்டாமா? அதை வைக்கும் முரசுக் கட்டிலின் நான்கு கால்களையும் மண்ணில் நன்றாக ஊன்றுங்கள்."

மகாராஜா தலையசைத்தார். கட்டிலின் கால்கள் ஒரு முழம் மண்ணுக்குள் இறங்கின. முரசு முழங்கியது. அறிவிப்போன், சிரிப்பை அடக்கிக்கொண்டு, தரையைப் பார்த்துக் கூவினான்: "இத்தோட்டத்தில் குடியிருப்போர் யாராயினும் வெளியே வந்து மகாராஜாவின் முன் நிற்க!"

எதுவும் வரவில்லை.

"ஒரு மண்ணும் இல்லை, மகாராஜா" என்றார் பிரதானி.

"என் வீட்டு உரல் இதைவிட உரக்கப் பேசும். பலமாக அடியுங்கள்!" என்றான் தாண்டவன்.

நான்கு பேர் சேர்ந்து அடித்தார்கள். நந்தவனமே நடுங்கியது. மகாராஜாவின் ஆசனத்துக்கு முன்னால் ஈரமண் மெல்ல நெளிந்தது.

"என்ன அது?"

மகாராஜா எழுந்தார். இடுப்பை மறந்தார். ஓரடி நடந்து, குனிந்து, அப்படியே தரையில் குந்திவிட்டார்.

சபைக்கு வேறு வழியில்லை. மகாராஜாவின் தலை முழங்கால் உயரத்தில் இருந்தது. தளபதிகள், புலவர்கள், பட்டாடைகள், சரிகைத் தலைப்பாகைகள் எல்லாம் சேற்றில் குப்புற விழுந்தன. கோதண்டப் பிரதானியை அவர் தொந்தி ஒரு மேடு போலத் தூக்கிப் பிடித்ததால், அவர் முகத்தை மண்ணுக்குள் புதைத்துத்தான் தலையைத் தாழ்த்த முடிந்தது.

இப்படியாக அந்த நாட்டின் பெரிய மனிதர்கள் முதல்முறையாகத் தரையைப் பார்த்தார்கள்.

மண்புழுக்கள் பத்து, இருபது, நூறு என்று கிளம்பின. வெள்ளத்தில் வளை நிறைந்த எறும்புகள், அரிசி போன்ற வெள்ளை முட்டைகளை வாயில் கவ்விக்கொண்டு, மூட்டை முடிச்சோடு ஊர் மாறும் குடும்பங்களைப் போல வரிசையாக வந்தன. ஒரு பிள்ளைப்பூச்சி முன்கால்களால் சேற்றை வாரித் தள்ளிக்கொண்டு வெளிப்பட்டது. மரவட்டை ஒன்று மகாராஜாவைக் கண்டதும் சக்கரமாகச் சுருண்டது.

"வணக்கம் சொல்கிறது, மகாராஜா" என்றான் தாண்டவன். "பிரதானியாரை விட நன்றாகவே மடங்குகிறது."

மழை ஈரத்துக்கு வெளிவரும் பட்டுப்பூச்சிகள் இரண்டு, சிவப்புச் சிவப்பாய், பட்டுத் துணி போன்ற மேனியோடு மகாராஜாவின் கட்டைவிரலைச் சுற்றிக்கொண்டு போயின. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். "இவ்வளவு நேர்த்தியான பட்டு நம் நெசவாளர்களிடம் கூட இல்லையே!"

"புழு பூச்சியெல்லாம் குடிகளா, மகாராஜா?" என்று சேற்றுக்குள்ளிருந்து பிரதானியின் குரல் கேட்டது. "இவை ஏர் பிடிக்குமா?"

"ஏரும் மாடும் இல்லாமலே உழுகிறவர்கள்" என்றான் தாண்டவன். "அதோ, புழு வளையின் வாயில் குருணை குருணையாய்க் குவிந்திருக்கிறதே, அது அவர்கள் கீழேயிருந்து புரட்டிப் போட்ட மண். இந்த மகிழ மரம் அதைத் தின்றுதான் பூக்கிறது. அந்தப் பூவைத்தான் மகாராணியார் சூடுகிறார்."

மகாராஜா அந்தக் குருணையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார். மழை வாசம் அடித்தது. அதைக் கீழே போட மனமில்லாமல் விரல்களுக்கு நடுவே வைத்துக்கொண்டார்.

"கல்வெட்டின்படி இவர்கள் சொல்வதையும் நான் கேட்க வேண்டுமே. என்ன சொல்கிறார்கள்?"

தாண்டவன் தரையில் காதை வைத்தான். வெகுநேரம் தலையாட்டினான்.

"சிறிய மனுதான், மகாராஜா. 'நாங்கள் எங்கள் பாட்டில் போய்க்கொண்டிருந்தோம். வழுக்கினவர் மகாராஜா. வழக்கு மட்டும் எங்கள்மேலா?' என்று கேட்கிறார்கள்."

மகாராஜாவின் உதடு துடித்தது. பிறகு, குந்திய நிலையிலேயே, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். உப்பரிகையிலிருந்து மகாராணியின் சிரிப்பும் சேர்ந்துகொண்டது. இந்த முறை அது மகாராஜாவுக்குக் கோபமூட்டவில்லை.

"பிரதானி, இப்போது சொல்லும். இந்தத் தோட்டத்தில் என்ன இருக்கிறது?"

பிரதானி முகத்தைத் தூக்கினார். மூக்கு, புருவம், மீசை எல்லாம் ஒரே நிறம். "மண்... மண் இருக்கிறது, மகாராஜா."

"ஒரு மண்ணும் இல்லை என்றீரே?" என்றான் தாண்டவன். "மீசையிலேயே ஒரு படி தேறும் போலிருக்கிறதே. ஆனாலும் மகாராஜா, பிரதானியாருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். நேற்று மாலையிலிருந்து முப்பது பேரை வைத்துத் தண்ணீர் இறைத்து, குடிகள் வெளியே வர வழி செய்தவர் அவர்தான்."

மகாராஜா பிரதானியைப் பார்த்த பார்வையில் அவர் முகம் மறுபடி மண்ணுக்குள் போய்விட்டது.

கல் வண்டிகள் அன்றே மைத்துனரின் மலைக்குத் திரும்பின. அரண்மனைக்குத் திரும்ப எழுந்த மகாராஜா முதல் அடிக்குக் காலைத் தூக்கியவர், தூக்கியபடியே நின்றுவிட்டார். கீழே எறும்புகள் முட்டைகளோடு போய்க்கொண்டிருந்தன.

"தாண்டவா, இவர்கள் கடந்து முடிய எவ்வளவு நேரமாகும்?"

"தெரியாது, மகாராஜா. இது அவர்களுடைய ராஜபாட்டை. முரசறைந்து அழைத்தவர் தாங்கள்."

மகாராஜா மறுபடி சிரித்தார். ஒற்றைக் காலில் தள்ளாடியபடி ஒரு கையால் தாண்டவனின் தோளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். பின்னால் சேறு சொட்ட எழுந்து நின்ற சபையும், என்ன வழக்கமோ ஏது வழக்கமோ என்று பயந்து, ஒவ்வொருவராக ஒரு காலைத் தூக்கிக்கொண்டது.

தாண்டவன் முத்துமாலையோடு வீட்டுக்கு ஆள் அனுப்பினான், பானைக் கட்டை அவிழ்க்கச் சொல்லி. அவனால் உடனே போக முடியவில்லை. எறும்புகள் கடந்து முடியும்வரை மகாராஜாவுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு தோள் வேண்டியிருந்தது.