அம்பில்லாத ஒரு காலை

கேளுங்கள். பெரியவர்களும் கேளுங்கள், மடியில் கிடக்கும் பிள்ளைகளும் கேளுங்கள். நாடுகளுக்கு எல்லைக்கல் நடாத காலத்தில், நீலியாற்றின் இரு கரைகளையும் ஒரே ராஜா ஆண்டுவந்தார். அவருக்கு இரட்டைப் பிள்ளைகள், மாறவேள், சேந்தவேள். எவன் மூத்தவன் என்று தெரிந்த மருத்துவச்சி வாயைத் திறக்காமலே செத்துப்போனாள். ராஜாவும் போய்ச் சேர்ந்தார். சண்டை மூண்டது.

வடகரையை மாறவேள் பிடித்துக்கொண்டான், தென்கரையைச் சேந்தவேள் பிடித்துக்கொண்டான். இருபத்து மூன்று வருஷம் வெட்டிக்கொண்டார்கள். ஆற்றில் எவன் கால் வைத்தாலும் எதிர்க்கரையிலிருந்து அம்பு வரும். ஓலை கொண்டுபோகும் ஒரே ஒரு ஓடத்தை மட்டும் இரு தரப்பும் விட்டுவைத்திருந்தன.

அந்த ஓடத்தை ஓட்டியவள் செம்பாயி. அவள் புருஷன் வலை வீசும்போது அம்பு பட்டுச் செத்தவன். அவளுக்கு இரண்டு மகன்கள். பெரியவன் வேம்பனை வடகரைப் படை இழுத்துக்கொண்டு போனது. சின்னவன் மருதனைத் தென்கரைப் படை இழுத்துக்கொண்டு போனது. என்றைக்காவது ஒரு நாள் ஒருவன் அம்பில் இன்னொருவன் சாவான் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பயத்தோடுதான் அவள் தினமும் துடுப்பு போட்டாள்.

சமாதானம் பேச ஆள் வராமல் இல்லை. முதலில் வந்தவர் ஒரு மந்திரி, மகா புத்திசாலி. சண்டையை யார் தொடங்கியது என்று தீர்த்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றார். ஆறு மாதம் பேசினார்கள். இரண்டாம் வருஷத்துக் கதைக்கு வருவதற்குள் கத்தியை உருவிவிட்டார்கள்.

அடுத்து வந்தவர் ஒரு முனிவர். ஆற்று நடுவே இருந்த மணல்திட்டில் சந்திக்கலாம் என்றார். ஆனால் நீலியாற்றுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பேச்சுக்கு முதலில் வந்து இறங்குகிறவன் பணிந்துபோனவன். ஆகவே இரு தரப்பாரும் திட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பரிசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, பதினொரு நாள். கட்டுச்சோறு ஊசிப்போனது, முனிவருக்குக் காய்ச்சல் கண்டது, வந்தவர்கள் வந்த வழியே திரும்பினார்கள். சிரிக்காதீர்கள். அந்தப் பதினொரு நாளில் ஆற்றின் மேற்கே நடந்த சண்டையில் எண்பது பேர் செத்தார்கள்.

மூன்றாவதாகப் பேசப் போனவள் செம்பாயி. அவள் சமாதானம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. வருகிற அமாவாசையன்று சூரியன் எழும் நேரத்திலிருந்து ஒரே ஒரு காலை, ஆற்றில் அம்பு பறக்க வேண்டாம் என்று கேட்டாள். செத்தவர்களுக்கு ஆற்றில் நின்று எள்ளும் தண்ணீரும் விட வேண்டும். இருபத்து மூன்று வருஷமாக இரு கரையிலும் ஒருவரும் விடவில்லை. செத்தவர் இல்லாத வீடு ஒன்றுகூட இல்லை.

சமாதானம் வேண்டாம் என்று சொல்லும் தைரியம் ராஜாக்களுக்கு இருந்தது. செத்தவர்களுக்குத் தண்ணீர் வேண்டாம் என்று தங்கள் சொந்த ஜனங்களிடம் சொல்லும் தைரியம் இருவருக்குமே இல்லை. சரி என்றார்கள். சூரியன் இரு கரைக்கும் ஒன்றாகத்தான் எழுந்தது. அதனால் முதலில் இறங்கியது யார் என்ற சண்டையும் வரவில்லை.

முதல் அமாவாசையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அடுத்த ஒவ்வொரு அமாவாசைக்கும் செம்பாயி இரு கரைக்கும் போய் இன்னொரு காலையைக் கேட்டு வாங்கினாள். இரண்டாம் அமாவாசையில் பார்த்தார்கள், பேசவில்லை. மூன்றாம் அமாவாசையில் தென்கரைக் கிழவன் ஒருவன், அக்கரையில் கட்டிக்கொடுத்த தன் மகள் உயிரோடு இருக்கிறாளா என்று கூவிக் கேட்டான். இருக்கிறாள், மூன்று பிள்ளைகள் என்று பதில் வந்தது. கிழவன் தண்ணீரிலேயே உட்கார்ந்து அழுதான்.

அந்த நேரத்தில்தான் வடகரையிலிருந்து ஓர் அம்பு பறந்தது. எய்தவன் தன் தம்பியைக் கொன்றவனை எதிரே பார்த்துவிட்டான், கை அடங்கவில்லை. அம்பு குறி தவறியது. அப்பனுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மருதன் மார்பில் பாய்ந்தது.

தென்கரையில் முரசை எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை சேந்தவேள் செம்பாயியை அழைத்தான். படை முழுக்கச் சுற்றி நின்றது. ஒரு தலைக்கு நூறு தலை எடுக்கிறேன், நீ தலையை மட்டும் அசை என்றான்.

செம்பாயி அழுது முடித்திருந்தாள்.

"ராஜா, வர்ற அமாவாசைக்கு என் சின்னவனுக்கும் எள்ளுத் தண்ணி விடணும். அவனுக்கு விட அண்ணன் ஒருத்தன்தான் இருக்கான். அவன் வடகரையில நிக்கிறான். அவன் ஆத்துல இறங்கணும். அன்னிக்கும் அம்பு வேண்டாம்."

பிள்ளையைப் பறிகொடுத்தவளே ஓடத்தை நிறுத்தவில்லை, நாம் எந்த முகத்தோடு போரைத் தொடங்குவது என்று சேந்தவேள் முரசைக் கீழே வைக்கச் சொன்னான். செம்பாயி அங்கிருந்து நேரே வடகரைக்குப் போனாள். மாறவேளிடமும் அதே காலையைக் கேட்டாள். எய்தவனின் வில்லை முறித்துவிட்டு, மாறவேள் அதைக் கொடுத்தான்.

நாலாம் அமாவாசையில் வேம்பன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, தம்பி பெயரைச் சொல்லித் தண்ணீர் விட்டான். எதிரே தென்கரை வில்லாளிகள் எல்லோரும் இருந்தார்கள். அவர்கள் மருதனோடு ஒரே பானையில் சோறு தின்றவர்கள். அவர்களும் இறங்கி, அவன் பெயரையே சொல்லித் தண்ணீர் விட்டார்கள். ஆறு அன்று அமைதியாக ஓடியது.

அத்தோடு எல்லாம் முடிந்தது என்று சொன்னால் நான் பொய்யன். நாடு ஒன்றாக இன்னும் நாலு வருஷம் ஆனது. பேச்சு இரண்டு முறை முறிந்தது. முறிந்த ஒவ்வொரு முறையும் மறுநாளே செம்பாயியின் ஓடம் இரண்டு துறைகளுக்கும் வந்தது, இன்னொரு காலையைக் கேட்டது, வாங்கிக்கொண்டுதான் போனது. ராஜாக்களே நேரில் பேச வரும் வரைக்கும் அவள் ஓயவில்லை.

பேச்சு முறிந்த மறுநாளும் பேச வருகிறவர்களுக்குத்தான் சமாதானம் கிடைக்கும்.