காலியாகக் கிடந்த ஏழு வளைகள்

பெருநகரம் ஒன்றின் சரக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால், சீமைக் கருவேலம் மண்டிய ஒரு காட்டில், மருதி என்ற கீரி வாழ்ந்து வந்தது. காடு என்பது பேருக்குத்தான். ஒரு பக்கம் தண்டவாளம், மறுபக்கம் லாரிகள் வந்து திரும்பும் மைதானம், நடுவில் குப்பைமேடு. அங்கே ஒரு குறுகலான வளையில் மருதியும் அதன் கணவன் செம்பனும் இரண்டு குட்டிகளும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன.

போன மாதம்வரை குட்டிகள் மூன்று. மூத்த குட்டி ஒரு நாள் ஓணானைத் துரத்திக்கொண்டு மைதானத்துக்குள் ஓடியது. பின்பக்கமாக வந்துகொண்டிருந்த லாரி அதைப் பார்க்கவில்லை.

அன்று முதல் லாரிச் சத்தம் கேட்டாலே மருதி குட்டிகளை வளையின் உள்மூலைக்குத் தள்ளிவிடும். மிச்சமிருந்த பொட்டுவையும் வாலனையும் அது வளையை விட்டு வெளியே விடுவதே இல்லை.

"இந்த ஊர் வேண்டாம். எங்காவது போய்விடலாம்" என்று தினமும் சொல்லும்.

"எங்கே போவது?" என்று செம்பன் கேட்கும்.

பதிலைக் கொண்டுவந்தது ஒரு மைனா. ஊர் ஊராகப் பறப்பதும், பார்த்ததையெல்லாம் பேசித் தீர்ப்பதுமே அதன் வேலை. ஒரு காலையில் அது சிக்னல் கம்பத்தில் உட்கார்ந்து கத்தியது.

"கீரி அக்கா! இந்தத் தண்டவாளம் போய் முடிகிற இடத்தில் ஒரு மலை இருக்கிறது. பச்சைப்பசேலென்று இருக்கிறது. லாரி இல்லை, நாய் இல்லை. வளைகள்கூடக் காலியாகக் கிடக்கின்றன. யார் வேண்டுமானாலும் போய் இருந்துகொள்ளலாம்!"

"காலியாகவா?" மருதியால் நம்ப முடியவில்லை. இங்கே ஒரு பொந்துக்கு மூன்று குடும்பங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"ஒன்றா இரண்டா? ஏழு! என் கண்ணால் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு மைனா பறந்து போனது.

செம்பன் தலையை ஆட்டியது. "அந்த மைனா ஓர் இடத்தில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததில்லை. அதன் பேச்சை நம்பிக் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியுமா?"

"மைனாவை நம்ப வேண்டாம். நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். என்னை நம்புவீர்கள் அல்லவா?" என்றது மருதி.

மறுநாள் ஒரு காலிப் பெட்டியில் ஏறிப் பதுங்கிக்கொண்டது. ஒரு பகல் முழுக்க ரயில் ஓடியது. தண்டவாளம் முடிந்த இடத்தில் மலை நின்றது. மழைக்காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. பாறையெல்லாம் பாசி, மரமெல்லாம் தளிர். மலையின் இடுப்பில் ஓர் ஓடை பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஓடைக்கரையில்தான் கூரன் என்ற முள்ளம்பன்றி வசித்தது. மருதியைக் கண்டதும் அது ஓட்டமும் நடையுமாக இறங்கி வந்தது.

"வா, தங்கச்சி, வா! எவ்வளவு நாளாயிற்று இந்த மலைக்கு ஒருவர் வந்து!"

மருதி புத்திசாலிதான். கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுக்கும் கீரி இல்லை. ஒவ்வொன்றாகக் கேட்டது.

"இங்கே நாய்கள் வருமா, அண்ணா?"

"இந்தப் பத்து வருஷத்தில் ஒரு நாயை நான் பார்த்ததில்லை."

"இரை கிடைக்குமா?"

"பூச்சி, பல்லி, பாம்பு எல்லாம் உண்டு. போட்டிக்கு ஆள்தான் இல்லை."

"ஓடை கோடையில் வற்றிப்போகுமா?"

"வற்றவே வற்றாது."

மருதி ஓடையில் வாய் வைத்துக் குடித்துப் பார்த்தது. தண்ணீர் சில்லென்று இனித்தது. பிறகு வளைகளைப் போய்ப் பார்த்தது. மைனா சொன்னது பொய்யில்லை. ஏழு வளைகள். உள்ளே கால்நீட்டிப் படுக்கலாம். குட்டிகள் உருண்டு விளையாடலாம். எந்த வளைக்கு முன்னால் நின்றாலும் பள்ளத்தாக்கு தெரிந்தது. எங்கும் ஒரு சத்தமில்லை. நகரத்து இரைச்சலில் நொந்துபோன அந்தத் தாய்க்கு அந்த அமைதியே பாதி வயிறு நிறைந்தது போலிருந்தது.

அடுத்த ரயில் வரும்வரை ஒரு வாரம் மருதி அங்கே சுற்றியது. கேட்டதற்கெல்லாம் கூரன் உண்மையான பதிலையே சொன்னது. கேட்காத எதையும் அது சொல்லவில்லை.

ஊர் திரும்பிய மருதி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னது.

"பெரியவன் போன அன்று பக்கத்து வளைகளில் யாரும் இரை தேடப் போகவில்லை. நம்மோடே உட்கார்ந்திருந்தார்கள்" என்றது செம்பன். "பொட்டுவுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது குட்டையிலிருந்து ஆமை வைத்தியர் நகர்ந்து நகர்ந்து வந்து பச்சிலை கொடுத்தார். அந்த மலையில் நமக்கு யார் இருக்கிறார்கள், மருதி?"

"எல்லாரும் உட்கார்ந்திருந்தார்களே, அதனால் பெரியவன் எழுந்து வந்தானா?"

அந்த வாரமே அவை கிளம்பின. ஆமை வைத்தியர் வழியனுப்ப வந்தார். ஆனால் அவர் வந்து சேர்வதற்குள் ரயில் புறப்பட்டுவிட்டது.

மலையில் முதல் இரண்டு மாதங்கள் ஆனந்தமாகக் கழிந்தன. குட்டிகளை மருதி வெளியே விட்டது. பொட்டுவும் வாலனும் நாள் முழுக்க ஓடின, குதித்தன, ஓடையில் விழுந்து புரண்டன. பொட்டுவுக்குத் தண்ணீர் என்றால் உயிர். மாலையானால் கூரன் ஒரு பாறையில் உட்கார்ந்து அவற்றின் கூச்சலைக் கேட்டுக்கொண்டே இருக்கும். சில சமயம் அதன் கண் கலங்கும்.

பிறகு கோடை வந்தது.

கூரன் சொன்னபடியே ஓடை வற்றவில்லை. மெலிந்தது, அவ்வளவுதான். ஆனால் அதன் நிறம் மாறத் தொடங்கியது. முதலில் மஞ்சள், பிறகு துருப்பிடித்த தண்டவாளத்தின் நிறம். கரைக் கற்களில் செம்மண் போல ஏதோ படிந்தது. 'மலை மண் கரைந்து வருகிறது போலும்' என்று மருதி நினைத்துக்கொண்டது. ஓடையில் மீனும் இல்லை, நண்டும் இல்லை, ஒரு தவளைகூடக் கத்தவில்லை என்பது செம்பனுக்குத்தான் முதலில் உறைத்தது. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று அது யோசித்துக்கொண்டிருந்தபோதே பொட்டு சாப்பிட மறுத்தது.

வாய்க்குள் புண். வயிறு உப்பியிருந்தது. தடவிய இடத்தில் முடி கொத்தாகக் கையோடு வந்தது.

மருதி கூரனிடம் ஓடியது. "அண்ணா, இங்கே வைத்தியர் யாராவது உண்டா?"

"ஓர் உடும்பு இருந்தது. பச்சிலை எல்லாம் தெரியும்."

"எங்கே அது? உடனே கூப்பிடுங்கள்!"

"போய்விட்டது, தங்கச்சி."

"வேறு யாராவது?"

கூரன் தரையைப் பார்த்தது. "வேறு யாரும் இல்லை."

பொட்டுவை ஆமை வைத்தியரிடமே தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றது செம்பன். ஆனால் அந்தத் தடத்தில் வாரத்துக்கு ஒரு ரயில்தான் வரும். இன்னும் நான்கு நாள் இருந்தது. நடந்து போக முடியாத தூரம். தாகம் தாகம் என்று பொட்டு அழுதது. மருதி இலையில் ஓடைத் தண்ணீரை ஏந்திக்கொண்டு வந்து வந்து கொடுத்தது.

மூன்றாம் நாள் உச்சிவெயிலில் பொட்டுவின் மூச்சு நின்றது.

அப்போது பக்கத்தில் வந்து உட்கார ஒரு ஜீவன் இல்லை. செம்பன் மட்டும் எழுந்து அடுத்த வளைக்குள் போய்ப் பின்சுவர் ஓரமாகக் குழி தோண்டத் தொடங்கியது. சிறிது தோண்டியதும் அதன் நகத்தில் ஏதோ தட்டுப்பட்டது. மண்ணைத் தள்ளிப் பார்த்தது. சின்னச் சின்ன எலும்புகள். முயல் குட்டி ஒன்றின் எலும்புகள். அதை ஒட்டி இன்னொன்று.

செம்பன் அந்தக் குழியை மூடிவிட்டு அதற்கடுத்த வளைக்குப் போனது. அங்கும் அப்படியே இருந்தது. மூன்றாவது வளையிலிருந்து அது வெளியே வரவில்லை. மருதி உள்ளே போய்ப் பார்த்தபோது, தோண்டிய குழியின் அருகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தது.

பொட்டுவை அந்தச் சின்ன எலும்புகளுக்குப் பக்கத்திலேயே கிடத்தி மண்ணைத் தள்ளின அதன் தாயும் தகப்பனும். பிறகு மருதி நேராகக் கூரனிடம் போனது.

"இந்த வளைகளில் இருந்தவர்கள் எங்கே?"

"பாதிப் பேர் கீழே இறங்கிப் போனார்கள்" என்றது கூரன். "மீதிப் பேர் இங்கேதான் இருக்கிறார்கள்." அது மண்ணைக் காட்டியது. "மலையின் அந்தப் பக்கத்தை மனிதர்கள் குடைந்து எரிக்கிற கறுப்புக் கல் எடுத்தார்கள். கல் தீர்ந்ததும் குழிகளைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போனார்கள். மழைக்காலத்தில் மழைநீர் கலந்து ஒன்றும் தெரியாது. வெயில் வந்தால் குழியில் தேங்கிய விஷத் தண்ணீர்தான் ஓடையில் வரும்."

"இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"நீ கேட்கவில்லையே, தங்கச்சி."

"நீ அந்தத் தண்ணீரைக் குடிக்கிறாயா?"

"இல்லை. கோடையில் கிழங்கின் ஈரமே எனக்குப் போதும்."

மருதியின் முடி சிலிர்த்து நின்றது. பற்கள் வெளியே தெரிந்தன. ஆனால் கூரன் ஒரு முள்ளைக்கூட விரிக்கவில்லை.

"வேண்டுமானால் கடி. தடுக்க மாட்டேன்" என்றது. "இது நான் பிறந்த மலை. இதைப் பற்றி ஒரு குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று வருஷமாகப் பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் கிடந்தேன். நீ வந்து நின்றபோது, உண்மையைச் சொன்னால் போய்விடுவாயே என்று பயந்துவிட்டேன்."

மருதி அதைக் கடிக்கவில்லை. அதைக் கடித்தால் பொட்டு வரப்போவதில்லை. மேலும், ஒரு வாரம் இந்த மலையைச் சுற்றிப் பார்த்து, காலி வளைகளை எண்ணி எண்ணி மகிழ்ந்தது வேறு யாருமில்லை, தானே என்பது அதற்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மறுநாள் மருதியும் செம்பனும் வாலனைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கின. வாலனுக்கும் வாயில் இரண்டு புண்கள் வந்திருந்தன. இரண்டே இரண்டுதான் என்று செம்பன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தது. மேலே பாறையில் கூரன் தனியாக நின்று பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் அதனிடம் விடைபெறவில்லை.

தண்டவாளம் முடிகிற இடத்தில் ரயில் வந்து நின்றது. காலிப் பெட்டியிலிருந்து ஒரு பெருச்சாளி தொப்பென்று குதித்தது. அதன் பின்னால் ஐந்து குஞ்சுகள் ஒவ்வொன்றாக உருண்டு விழுந்தன. நகரத்துச் சாக்கடை நாற்றம் இன்னும் அவற்றின் மேலிருந்து போகவில்லை.

"அக்கா, மேலே வளை கிடைக்குமா? ஒரு மைனா சொன்னது" என்று பெருச்சாளி மூச்சு வாங்கக் கேட்டது.

"கிடைக்கும்" என்றது மருதி. வாலனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

பெருச்சாளி மலையை அண்ணாந்து பார்த்தது. குஞ்சுகள் அதற்குள் மேலே ஓடக் கிளம்பிவிட்டன. அவற்றை வாலால் மறித்து நிறுத்திவிட்டு மருதியிடம் திரும்பியது.

"இவ்வளவு நல்ல இடமாயிருந்தால், முன்னே இருந்தவர்கள் ஏன் விட்டுவிட்டுப் போனார்கள், அக்கா?"

மருதி அப்படியே தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டது. ஒரு வாரத்தில் தன் வாயில் வராத கேள்வியை, படிப்பும் பவிசும் இல்லாத ஒரு சாக்கடைப் பெருச்சாளி வந்து இறங்கியதும் கேட்டுவிட்டதே! முதலில் அதற்கு அழுகைதான் வந்தது. பிறகு ஓடையைப் பற்றியும், குழித் தண்ணீரைப் பற்றியும், வளைகளுக்குள் மண்ணுக்கடியில் இருப்பவர்களைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னது. பொட்டுவின் பேரைச் சொல்லும்போது மட்டும் நிறுத்தி, மறுபடி தொடங்கியது.

பெருச்சாளி ஐந்து குஞ்சுகளையும் ஒவ்வொன்றாகக் கவ்வித் திரும்பப் பெட்டிக்குள் போட்டது. பிறகு ஓரமாக ஒதுங்கிக் கீரிகளுக்கும் இடம் விட்டது.

ரயில் நகரத்தை நோக்கி, லாரிகள் திரும்பும் மைதானத்தை நோக்கிக் கிளம்பியது. வாலன் தண்ணீர் கேட்டது. கொடுக்க ஒன்றுமில்லாமல், மருதி அதன் வாயை நக்கிக்கொண்டே வந்தது.

நீதி: காலியான வீடு கிடைக்கிறதே என்று மகிழுமுன், அது ஏன் காலியானது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.