மாசிலாமணி மடத்தை விட்டுப் புறப்பட்டது

ஆற்றங்கரை மடத்தில் மாசிலாமணிக்கு ஓய்ந்து உட்கார நேரமில்லை. சமையல் அவர் பொறுப்பு. வருகிறவர்களைக் கவனிப்பதும் அவர்தான். அது போதாதென்று தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். “யாரையும் பசியோட அனுப்பாதே” என்பார் குரு வேலப்ப அடிகள். “அரிசியைப் பார்த்துச் செலவழிங்க” என்பார் மடத்துக் காரியஸ்தர். இரண்டு பேச்சையும் பல வருஷமாகத் தாங்கிக்கொண்டிருந்தார்.

தாங்க முடியாமல் போனது புதுச் சீடன் பரஞ்சோதி வந்த பிறகுதான்.

நேற்று வந்தவன். அடிகள் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகம் படித்துக் காட்டுவான். அவன் ஏதோ சொல்ல, அடிகள் சிரிப்பது சமையல்கட்டு வரை கேட்கும். அன்றைக்கெல்லாம் மாசிலாமணிக்குச் சோறு இறங்காது.

ஒரு நாள் காலையில் துணிமூட்டையோடு அடிகள் முன்னால் போய் நின்றார்.

“உத்தரவு கொடுங்க சாமி. என்னால முடியல.”

“வேலை அதிகமா?”

“ஆமாம் சாமி.”

“வேற ஏதாவது?”

“வேற ஒண்ணுமில்ல.”

அடிகள் மூட்டையை வாங்கி ஓரமாக வைத்தார். “மத்தியானம் சாப்பிட்டுட்டுப் போ. இன்னிக்குப் பரஞ்சோதி சமைக்கட்டும். நீ என் பக்கத்துல உட்காரு.”

ஆசைப்பட்ட இடம். உட்கார்ந்தார். ஆனால் காது மட்டும் சமையல்கட்டிலேயே இருந்தது. சோறு குழைந்துவிடும், குழம்பு உப்புக் கரிக்கும் என்று காத்திருந்தார். அடிகள் எதையோ கேட்க, இவர் எதையோ சொன்னார்.

பந்தியில் சோறு பதமாக இருந்தது. வழிப்போக்கர் ஒருவர் மறுபடியும் குழம்பு கேட்டு வாங்கி, “சமைச்ச கை நல்லா இருக்கணும்” என்றார்.

மாசிலாமணி பாதி இலையில் எழுந்துவிட்டார்.

பரஞ்சோதி பின்னாலேயே வந்தான். “அண்ணே, தினம் இதை எப்படிச் செய்யறீங்க? எனக்கு ஒரே நாள்ல இடுப்பு விட்டுப்போச்சு.”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கை கழுவிவிட்டு நேரே அடிகளிடம் போனார்.

“அவனுக்கு அந்த அடுப்பைக் கொடுக்காதீங்க சாமி.”

“நீ வேண்டாம்னு விட்டுட்டுப் போற அடுப்புதானே?”

மாசிலாமணி ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“மூணு பேர் வேலையை உன் ஒருத்தன் தலையில ஏத்திட்டேன். அது என் தப்பு. நாளைக்கே பிரிச்சுக் கொடுத்துடறேன். காரியஸ்தர்கிட்டயும் நானே பேசறேன்” என்றார் அடிகள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“உன் வயிறு எரியுதே, அதை யாருக்குப் பிரிச்சுக் கொடுக்கறது?”