வளைந்த கூரையும் நேரான பேனலும்

தணிகாசலம் முப்பது வருஷம் மர வேலை பார்த்தவர். இரண்டு மரம் சேருமிடத்தில் ஒரு தாள் நுழைந்தால்கூட அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. ஐம்பத்திரண்டு வயதில் சோலார் வேலைக்கு வந்து சேர்ந்தார்.

அவருக்கு வேலை சொல்லித் தந்தவர் மேஸ்திரி மரியபுஷ்பம். அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

பஸ் நிலையத்தின் கூரை, பாதியாகப் பிளந்த குழாய் மாதிரி வளைந்தது. கீழே நிற்கும் மின்சார பஸ்களுக்கு அதன் மேலிருந்துதான் சார்ஜ் வர வேண்டும்.

தணிகாசலம் வைத்த பேனல் நடுவில் மட்டும் கூரையைத் தொட்டது. ஓரமெல்லாம் தூக்கி நின்றது. அவருக்குப் பொறுக்கவில்லை. சந்து மறையும்வரை போல்ட்டை முறுக்கினார். கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது.

அது அவர் கையில் உடைந்த இரண்டாவது பேனல்.

"இன்னொன்னு உடைஞ்சா நாளைக்கு வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் கீழே இறங்கிப் போனார்.

சாப்பாட்டு நேரத்தில் தணிகாசலம் டப்பாவைத் திறக்கவில்லை.

"மேஸ்திரியம்மா, இதை ஒட்ட வைக்கிறது எப்படி?"

மரியபுஷ்பம் தன் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தார்.

"உங்க மர ஸ்கேலைக் குடுங்கண்ணே."

இருபது வருஷமாகத் தணிகாசலத்தின் இடுப்பில் இருக்கும் ஸ்கேல். மரியபுஷ்பம் அதை வாங்கி ஹெல்மெட் மேல் படுக்க வைத்தார்.

"ஒட்டுதா?"

"நடுவுல மட்டும்."

"ரெண்டு முனையையும் பிடிச்சு அமுக்குங்க. ஒட்டட்டும்."

தணிகாசலம் அமுக்கினார். ஸ்கேல் லேசாக வளைந்ததும் கையை எடுத்துவிட்டார்.

"ஏன் விட்டீங்க?"

"உடைஞ்சிரும்மா."

"உங்க ஸ்கேல்னா தெரியுது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கமாக இருந்தது.

மரியபுஷ்பம் ஒரு முனைக்கு அடியில் அவருடைய டப்பாவை நிறுத்தினார். தன் டப்பா குட்டை. அதன் மேல் துண்டை மடித்துப் போட்டு மறுமுனைக்கு வைத்தார். ஸ்கேல் ஆடாமல் நின்றது.

மதியத்துக்கு மேல் தணிகாசலம் கூரையின் வளைவை அளந்து, பேனலின் ஒவ்வொரு மூலையையும் தாங்க ஒவ்வொரு உயரத்தில் கால் வெட்டினார். மூன்றாவது பேனல் உட்கார்ந்தது. போல்ட் இறுகியது. எங்கும் விரிசல் விழவில்லை. ஓரத்தில் நாலு விரல் நுழையும் சந்து.

ஏணியில் இன்ஜினியர் ஏறி வரும் சத்தம் கேட்டது.

"சந்து தெரியுதேம்மா. இது யார் வேலைன்னு அவர் கேட்டா என்ன சொல்ல?" என்றார் தணிகாசலம்.

"வளைவு கூரையோடது, நேர் பேனலோடது, சந்து மட்டும் என்னோட வேலைன்னு நீங்களே சொல்லுங்க."