எப்சிபா வாயைத் திறந்த கதை

ஒரு ஊர்ல ஒரு லைப்ரரி, அந்த லைப்ரரியில ஒரு எப்சிபா இருந்தா. கேக்குறியா? நீ "ம்" போட்டாத்தான் கதை நகரும்.

ம்.

எப்சிபாவுக்கு அங்க என்ன வேலைன்னா, புத்தகம் எடுத்துக் குடுக்குறது பாதி, சத்தத்தை அடக்குறது பாதி. யாராவது பேப்பரை வாய்விட்டுப் படிச்சா, அவ வலது கை ஆள்காட்டி விரல் தானா எந்திரிச்சு உதட்டுக்குப் போகும். "ஷ்ஷ்ஷ்." அவ்வளவுதான். பேப்பர் படிச்சவரு வாயை மூடிருவாரு. கிறீச் கிறீச்னு சுத்துற ஃபேன்கூட மெதுவாயிரும். சுவத்துப் பல்லி, சொல்ல வந்ததைச் சொல்லாம முழுங்கிட்டு டியூப்லைட்டுக்குப் பின்னால போயிரும்.

முப்பது வருஷத்துக்கு மேல இப்படியே ஓடுச்சு. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போவா. அந்தப் பக்கத்துல சர்ச்சுக்கும் கோயில்னுதான் பேரு. பாட்டுன்னா அவளுக்கு உசுரு. கீர்த்தனை ஆரம்பிச்சதும் உள்ளங்கால்ல இருந்து சிலிர்த்துக்கிட்டு வரும். ஆனா வாயில இருந்து மட்டும் ஒண்ணும் வராது. கடைசி பெஞ்சுல நின்னு உதட்டை அசைப்பா, தொட்டி மீன் மாதிரி. ப்ளுப், ப்ளுப்.

அப்புறம் ரிட்டயர்மென்ட் வந்துது. மாலை போட்டு, சால்வை போத்தி, இனிமே என்ன செய்யப் போறீங்கன்னு கேட்டாங்க. எப்சிபா யோசிக்கவே இல்ல. "கோயில்ல பாடப் போறேன். சத்தமா." அதையும் மெதுவாத்தான் சொன்னா. ரெண்டாவது வரிசைக்குக் கேக்கல.

மறுநாளே பாடகர் குழுத் தலைவர் ஜோதம் சார்கிட்டப் போய் நின்னா. அவர் ஸ்கூல்ல கணக்கு வாத்தியார், பாட்டையும் கணக்காத்தான் பார்ப்பாரு. "சேர்த்துக்கிடுதேன்க்கா. குருத்தோலை ஞாயிறு பவனி முடியறதுக்குள்ள ஒரு தடவையாவது உங்க குரல் என் காதுல விழணும். விழலைன்னா கோவிச்சுக்கிடக் கூடாது"ன்னாரு. குருத்தோலை ஞாயிறுன்னா ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு. இயேசு ஊருக்குள்ள வந்த நாளை நினைச்சு, ஊரே தென்னங்குருத்தைக் கையில பிடிச்சிக்கிட்டு, ஓசன்னான்னு அவரை வாழ்த்திப் பாடித் தெருவைச் சுத்தி வரும்.

தூங்கிட்டியா?

ம்ஹூம்.

சரி. அப்போ மொதல் பயிற்சி. கீபோர்டு டொய்ங்னுச்சு. எல்லாரும் ஆ… ஆ…ன்னாங்க. எப்சிபாவும் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து வாயைத் திறந்தா. உஸ்ஸ்ஸ்னு காத்து மட்டும் வந்துது. ஜோதம் சார் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, வெளிய யாரு சைக்கிள்ல காத்து இறங்குதுன்னு கேட்டாரு. எப்சிபா பட்டுன்னு வாயை மூடிக்கிட்டா. சைக்கிளும் சரியாப் போச்சுன்னு அவர் திரும்ப வந்து உக்காந்தாரு.

அப்புறம் ரெண்டாவது தடவை, கோயில் பொம்பளைங்க கூடிப் பாடுற பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துல. இவளைக் கூட்டிட்டுப் போனது அடுத்த வீட்டுத் தொற்காள் மதினி. தொற்காளுக்குக் குரல் அரை மைலுக்குக் கேக்கும். பாட்டு ஏறிச்சு, இன்னும் ஏறிச்சு, உச்சிக்குப் போச்சு. எப்சிபாவுக்கு மனசெல்லாம் நெறைஞ்சு, இதோ வருது, இதோ வந்துருச்சுன்னு இருக்கையில, அந்த விரல் இருக்குல்ல, பாழாப்போன விரல், அது தானா எந்திரிச்சு உதட்டுக்குப் போயிருச்சு.

"ஷ்ஷ்ஷ்."

கப்சிப். பாட்டு நின்னுச்சு. கீபோர்டு நின்னுச்சு. தொற்காள் திறந்த வாய் திறந்தபடி நின்னுச்சு. காலையில இருந்து அழுதுகிட்டிருந்த ஒரு கைப்பிள்ளை அழுகையை நிப்பாட்டிட்டு இவளைப் பார்த்துது. அதோட அம்மா ஒருத்திதான் கையெடுத்துக் கும்பிட்டா.

விஷயம் ஜோதம் சாருக்குப் போச்சு. அவர் நல்ல மனுசன், திட்டல. வீட்டுக்கே வந்து காப்பி குடிச்சிட்டு, "பாட்டைக் கேக்கவும் ஆளு வேணும்லாக்கா. நீங்க கேளுங்க"ன்னு சொல்லிட்டுப் போனாரு.

எப்சிபா அன்னைக்கு ரேடியோவுல பாட்டை வச்சா. யாருக்கும் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு அவ்வளவு மெல்ல வச்சிருந்ததால, கன்னத்தை ரேடியோ மேல சாய்ச்சாத்தான் கேட்டுச்சு. அப்படியே சாய்ஞ்சு கிடந்தா. ரேடியோ கொஞ்சம் நனைஞ்சு போச்சு.

ம்?

ஆமா, அழுதா. ஆனா கதை அங்க நிக்கல.

குருத்தோலை ஞாயிறு வந்துச்சு. நான் வரலைன்னா எப்சிபா. "பாட வேண்டாம்ட்டி, ஓலையைப் பிடிச்சிக்கிட்டு நடக்கவாவது வா"ன்னு தொற்காள் இழுத்துட்டுப் போனா. பவனி நீளமான பவனி. ஸ்பீக்கர் கட்டுன ஆட்டோவும் பாடகர் குழுவும் முன்னாடி. வயசானவங்க எல்லாம் வால் பக்கம். பஸ் ஸ்டாண்டு முக்கு திரும்பையில ஒரு பஸ் வந்து பாம்ம்ம்னு நடுவுல நின்னுருச்சு. தலை அந்தப் பக்கம், வால் இந்தப் பக்கம். ஸ்பீக்கர் சத்தம் தேய்ஞ்சு தேய்ஞ்சு போயே போச்சு. பின்னாடி நின்னவங்களுக்கு எந்த அடியில விட்டோம்னு தெரியல. ஒவ்வொருத்தரா நிறுத்திட்டாங்க. தொற்காளுக்கோ ஓட்டமும் நடையுமா வந்ததுல இளைப்பு. ரேஷன் கடை வரிசை மாதிரி கம்முனு நிக்குதாங்க.

அப்போ ஒரு ஆடு வந்துச்சு. வந்து எப்சிபா கையில இருந்த குருத்தோலையை லபக்னு கவ்வுச்சு. எப்சிபா ரெண்டு கையாலயும் இழுத்தா. ஆடு மே…ன்னு இழுத்துச்சு. இவ இழுக்க, அது இழுக்க, சர்ர்ர், சர்ர்ர்.

பஸ் டிரைவர் தலையை வெளிய நீட்டி, இரக்கமா ஒரு கேள்வி கேட்டாரு. "துக்க வீடாம்மா? யாரு தவறிட்டாங்க?"

எப்சிபாவுக்கு உச்சந்தலையில சுர்ருனு ஏறிச்சு. ஆண்டவரே ஊருக்குள்ள வர்ற நாளு, இதைப் போய் துக்க வீடுங்கிறானே. மூச்சை இழுத்தா. விரல் எந்திரிக்கப் பார்த்துச்சு. ஆனா எப்படி எந்திரிக்கும்? ரெண்டு கையிலயும் ஓலை, ஓலையோட அந்த முனையில ஆடு. விட்டா ஓலை போச்சு.

வாய் திறந்துச்சு.

"ஓ…ஓ…ஓசன்னா…"

அடேயப்பா. எவர்சில்வர் அண்டா மாடிப்படியில உருண்டு வந்த மாதிரி, டங்கு டங்கு டங்குனு. சுதியும் கிடையாது ஒண்ணும் கிடையாது. ஆடு ஓலையை விட்டுட்டு ஓடிருச்சு. டிரைவர் பஸ்ஸைப் பின்னால எடுத்தாரு. வால் பக்கத்துல இருந்த அத்தனை பேரும் அதே சுதியில, அதாவது சுதியே இல்லாத அந்தச் சுதியில, பிடிச்சுக்கிட்டாங்க. எப்சிபா நடக்க, பின்னாடி எல்லாரும் நடக்க, கோயில் வாசல்ல தலையும் வாலும் மோதிருச்சு. அங்க ஸ்பீக்கர் ஒரு சுதி, இங்க எப்சிபா ஒரு சுதி. ஜோதம் சார் கையை அப்படி ஆட்டினாரு, இப்படி ஆட்டினாரு. பாடகர் குழு கொஞ்சம் தத்தளிச்சுது, அப்புறம் ஒவ்வொருத்தரா இந்தப் பக்கம் சாய்ஞ்சுட்டாங்க. கடைசியில ஸ்பீக்கரை அணைச்சது ஜோதம் சாரேதான்.

எல்லாம் ஓய்ஞ்ச பெறவு அவர் வேர்வையைத் துடைச்சிக்கிட்டு வந்தாரு. "கேட்டுச்சுக்கா. அடுத்த வாரம் ஈஸ்டர். ஓரமா நில்லுங்க, மைக்குல இருந்து தள்ளி நில்லுங்க. ஆனா வந்துருங்க."

சரின்னு சொல்ல எப்சிபா வாயைத் திறந்தா. ஒரு பொட்டுச் சத்தம் வரல. தொண்டை கட்டிப் போச்சு.

அதுல அவளுக்கு வந்த சந்தோசம் இருக்கே. தெருவுல எதிர்ப்பட்டவங்களை எல்லாம் நிறுத்தித் தொண்டையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினா. பாடிப் பாடிப் போன தொண்டை, பாருங்கன்னு. அப்புறம் தொற்காள் மிளகுப் பால் காய்ச்சிக் குடுத்தா. அதைக் குடிச்சிட்டு, ஈஸ்டருக்குள்ள குரல் திரும்பணுமேன்னு வாயை இறுக்க மூடிக்கிட்டு, ரேடியோவைத் தெருமுனை வரைக்கும் கேக்குற மாதிரி வச்சிட்டு, காலை நீட்டிப் படுத்துக்கிட்டா.

கேக்குதா?

…

அவ தொண்டைக்கும் ஓய்வு, என் வாய்க்கும் ஓய்வு. கதை கரை சேர்ந்துருச்சு, நீ கண்ணை மூடு.