பாதிச் செலவு

மதுரையில் தணிகாசலம் என்றொரு நீதிபதி இருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் தீர்ப்புச் சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகன் வெளிநாட்டில். தீர்ப்பைக் கேட்க மிஞ்சியவள் டிரைவர் ஜெயக்கொடி ஒருத்திதான்.

ஒருநாள் அவளிடம் கேட்டார். "காருக்குப் பெட்ரோல் நாலாயிரம்தானே ஆகுது? காசு ஏன் நிற்க மாட்டேங்குது?"

"பெட்ரோல் மட்டுமா ஐயா? கடன் தவணை, இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர், என் சம்பளம் எல்லாம் சேர்த்தா மாசம் நாற்பதாயிரம். வண்டியோட விலை இறங்குறது தனி."

அவர் முகம் சிவந்தது. "அடுத்த மாசம் பாதியாகணும். காரை விற்க மாட்டேன், சாயங்காலம் சுத்துறதையும் விட மாட்டேன். முடியலேன்னா வேற வேலை பார்த்துக்கோ."

சாயங்காலம் சுற்றுவது என்றால், தெப்பக்குளத்தை ஒருமுறை வலம் வந்து, யாரிடமும் பேசாமல் வீடு திரும்புவது.

மறுநாள் ஜெயக்கொடி அவரை ஏற்றிக்கொண்டு, எதிர்வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தாள்.

"இங்கே ஏன் நிறுத்தினே?"

"இந்த வீட்டு டாக்டரும் தனியாத்தான் இருக்கார். தினமும் தெப்பக்குளத்துக்குத்தான் போறார். தன் காரை வித்துட்டு, நம்ம கார்ல வந்து பாதிச் செலவு தர்றேன்னார்."

"இத்தனை வருஷத்துல அவரோட நான் ஒரு வார்த்தை பேசினதில்லை!"

"பேசச் சொல்லலையே ஐயா. செலவைத்தானே குறைக்கச் சொன்னீங்க?"

டாக்டர் ஏறினார். இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார்கள். ஒரு சுற்று முடிந்ததும் ஜெயக்கொடி வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினாள்.

"இன்னொரு சுத்து போ," என்றார் நீதிபதி. பிறகு தயங்கித் தயங்கி டாக்டர் பக்கம் திரும்பினார். "டாக்டர், உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லையே?"