கிழக்குக் கரைத் தூண்டில் சங்கம்

நல்லசிவம் தூண்டில் போடத் தொடங்கியதே அறுபது வயதுக்குப் பிறகுதான். கற்றுக்கொடுத்த பிலோமினாவுக்கு அவரைவிடப் பதினெட்டு வயது குறைவு.

பேரிமலை ஏரியின் மேற்குக் கரையில் பிலோமினா ஒரு நாற்றுப்பண்ணை வைத்திருந்தார். காலையில் பண்ணையைத் திறப்பதற்கு முன் ஒரு மணி நேரம் கெண்டைக்குத் தூண்டில் போடுவார். மனைவி கனகம் இறந்தபின் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் ஏரியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்த நல்லசிவம், ஒருநாள் பிலோமினா முழங்கை நீளக் கெண்டை ஒன்றைப் பிடித்து, முள்ளைக் கழற்றி, திரும்பத் தண்ணீரில் விடுவதைப் பார்த்தார்.

“ஏம்மா விட்டுட்டீங்க?”

“பிடிச்சாச்சே.”

அந்தப் பதிலோடு வீட்டுக்குப் போனவருக்கு அன்று வேறு எதுவும் ஓடவில்லை. மறுநாள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பிலோமினா வாருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. நான்காம் நாள் ஒரு தூண்டிலை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அதன்பின் இரண்டு வருடம் ஓடிவிட்டது. நல்லசிவம் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். கணக்காக வேலை செய்கிற கை. முடிச்சுப் போடுவதும், மாவும் புண்ணாக்கும் சேர்த்துப் பிசைவதும், தக்கையின் சின்ன அசைவை வாசிப்பதும் அவருக்குச் சீக்கிரம் வந்துவிட்டன. தலை நரைத்த மனிதர் மாவு டப்பாவைத் தூக்கிக்கொண்டு நாற்பத்து நான்கு வயதுப் பெண்ணின் பின்னால் போவதைப் பார்த்து டீக்கடையில், “குருவும் சீடப்பிள்ளையும் கிளம்பிட்டாங்க” என்று சிரித்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊரில் அவர் வாய் திறந்து பேசுவது பிலோமினாவிடம் மட்டும்தான். அதுவும் அதிகமில்லை.

ஒரு காலை தக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் கேட்டார்.

“அம்மா, கிழக்குக் கரையில தூண்டில் சங்கம் இருக்குல்ல. அதுல சேரலாமா?”

“ஏன்?”

“அந்தக் கரை ஆழம். அடியில நல்ல சேறு. பெரிய கெண்டை எல்லாம் அங்கதான் மேயுது. உறுப்பினரா இருந்தாத்தான் அங்க தூண்டில் போட விடுவாங்க. கெண்டை பிடிக்கிறவனுக்குச் சங்கத்தால பிரயோஜனம் உண்டான்னு கேக்குறேன்.”

“சேர்றதுல என்ன தடை?”

நல்லசிவம் தூண்டிலை இழுத்து முள்ளில் மாவு இருக்கிறதா என்று பார்த்தார். “அங்க ஒருத்தனை எனக்குப் பிடிக்காது.”

யார் என்று பிலோமினா கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் நல்லசிவம் தேவசகாயத்தின் பெயரைச் சொல்லியிருப்பார். சங்கத்தின் செயலாளர் தேவசகாயம், மருத்துவமனையில் கம்பவுண்டராக இருந்தவர். இருபது வருடம் நல்லசிவத்தின் வீட்டில் மாலைக் காபி குடித்த மனிதர். கனகம் படுக்கையில் கிடந்த கடைசி மாதத்தில் ஒருநாள்கூட அவர் வீட்டுக்குள் வரவில்லை. சாவுக்கு வந்தபோதும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். நல்லசிவம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நான்கு வருடமாகிறது, இன்னும் பார்க்கவில்லை.

“பேரிக்காய்த் தோட்டத்துக்கு மேல ஒரு குளம் இருக்கு ஐயா,” என்றார் பிலோமினா. “அங்க யாரும் வர மாட்டாங்க. ஒரு பத்து நாள் அங்க போடுங்க. பிறகு பேசுவோம்.”

நல்லசிவம் போனார். குளம் சின்னதுதான், ஆனால் முழுக்க அவருடையது. பேச்சுச் சத்தமில்லை. மரநிழல் தண்ணீரில் கரையாமல் நின்றது. மூன்றாம் நாள் நடுக்குளத்தில் குமிழி வரக் கண்டார். கெண்டை சேற்றைக் கிளறினால்தான் அப்படி வரும். ஐந்தாம் நாள் அதே இடத்தில் இன்னும் அதிகம். பெரிய மீன் என்று நிச்சயமாகிவிட்டது. மாவை மாற்றினார், முள்ளை மாற்றினார். வேகவைத்த சோளம் போட்டார். மரவள்ளிக்கிழங்கு போட்டார். ஒன்றும் கடிக்கவில்லை. ஆனாலும் கனகம் போனதற்குப் பிறகு இத்தனை நிம்மதியாக அவர் இருந்ததில்லை. இரவில் நன்றாகத் தூங்கினார்.

ஒன்பதாம் நாள் தோட்டத்துக் காவல்காரப் பெண் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

“தினம் வர்றீங்களே ஐயா, சாமி கும்பிடவா?”

“மீன் பிடிக்கம்மா.”

“இதுலயா? போன கோடையில குளத்தை வத்த வச்சுத் தரையைப் பூசினாங்க. இப்ப நிக்கிறது மழைத்தண்ணி. இதுல தவளைதான் இருக்கு.”

“குமிழி வருதே!”

“இலை அழுகுது, வருது.”

“ஏம்மா, முதல் நாளே சொல்லக் கூடாதா?”

“கண்ணை மூடாம தியானம் பண்றீங்கன்னு நினைச்சேன்.”

அவர் நேராக நாற்றுப்பண்ணைக்கு வந்தார். நடந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. பிலோமினா மிளகாய் நாற்றுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் குளத்துல மீனே இல்லை.”

“ஆமா.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“பின்ன ஏன் அனுப்பினீங்க?”

“உங்ககூட இன்னொருத்தர் அங்க தூண்டில் போட்டிருந்தா, எத்தனையாவது நாள் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்?”

நல்லசிவம் மாவு டப்பாவைக் கீழே வைத்தார். “அப்ப சங்கத்துல சேரச் சொல்றீங்க,” என்றார்.

“அப்படிச் சொல்லலையே. கிழக்குக் கரைக்குப் போய் உட்காருங்க. தூண்டில் வேண்டாம். சும்மா உட்கார யாருக்கும் தடையில்லை. போதும்னு தோணும்போது வாங்க.”

கிழக்குக் கரையில் பதினொரு பேர் ஒரே நாவல் மரத்தடியில் நெருக்கியடித்துத் தூண்டில் போட்டிருந்தார்கள். ஒருவர் தூண்டில் நரம்பில் இன்னொருவர் நரம்பு சிக்கியது. இத்தனை நீளக் கரையில் ஏன் ஒரே இடம் என்று நல்லசிவம் கேட்டார்.

“ரெண்டு வருஷம் முன்னாடி இந்த இடத்துலதான் பதினாலு கிலோ விழுந்தது,” என்றார் ஒருவர்.

“அதுக்கப்புறம்?”

“விழும்.”

நல்லசிவத்துக்குச் சிரிப்பு வந்தது. இவர்களுக்கு முடிச்சுகூடச் சரியாக வரவில்லை. மீனுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் பேசினார்கள். பேத்தியின் பரீட்சை, முழங்கால் வலி, பஞ்சாயத்துத் தலைவர். தக்கை அசைந்தால்கூடப் பேச்சை முடித்துவிட்டுத்தான் திரும்பினார்கள். வரிசையின் கடைசியில் தேவசகாயம் உட்கார்ந்திருந்தார். அவர் இந்தப் பக்கம் வரவில்லை. பதினொரு மணிக்கு எல்லோருக்கும் டீ வந்தபோது நல்லசிவத்துக்கும் ஒரு டம்ளர் வந்தது. சர்க்கரை இல்லாத டீ. அவருக்குச் சர்க்கரை ஆகாது என்று அந்தக் கரையில் ஒருவருக்குத்தான் தெரியும். குடிக்காமல் வைத்துவிட்டார். இரண்டாம் நாளும் வந்தது, மூன்றாம் நாளும் வந்தது. மூன்றாம் நாள் குடித்தார்.

ஆறாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு பேரும் தகரக் கொட்டகைக்குள் ஓடினார்கள். ஒண்ட இடமில்லாத கொட்டகையில் நல்லசிவத்தின் தோளை இடித்துக்கொண்டு நின்றவர் தேவசகாயம்தான். தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது மட்டும்தான் கேட்டது.

“சிவம்,” என்றார் தேவசகாயம். “திட்டணும்னா திட்டிடு. எத்தனை நாளைக்கு இப்படி?”

“நீ ஏன் வரலை?”

நான்கு வருடமாக உள்ளே கிடந்த கேள்வி. மூன்று சொல்லில் முடிந்துவிட்டது.

“வந்தேன். கனகம்தான் வர வேண்டாம்னா.”

நல்லசிவம் திரும்பிப் பார்த்தார்.

“நீ கடைக்குப் போயிருந்த ஒருநாள் வந்தேன். ரிப்போர்ட்டை எடுத்து என்கிட்ட காட்டினா. உன்கிட்ட வயித்துப்புண்ணு, ஆறிடும்னு சொல்லி வச்சிருந்தாளாமே? இன்னும் எத்தனை நாள் இருப்பேன் அண்ணேன்னு கேட்டா. நான் கம்பவுண்டர். எனக்குப் படிக்கத் தெரியும். பொய் சொல்லத் தெரியலை. சொல்லிட்டேன்.”

“சரி.”

“ரிப்போர்ட்டை மடிச்சுத் தலையணைக்கு அடியில வச்சா. அப்புறம் சொன்னா. அவர் காசிக்குப் போறதுக்குப் படம் வரைஞ்சுட்டு இருக்கார் அண்ணே, எந்த ரயில், எந்த ஊர்ல இறங்கணும், எல்லாம். உங்க முகத்தைப் பார்த்தார்னா கண்டுபிடிச்சிடுவார். இனிமே வராதீங்கன்னா.”

மழை ஓங்கி அடித்தது.

“அப்புறமும் மூணு தடவை கேட் வரைக்கும் வந்தேன். ஜன்னல் வழியா நீ அவளுக்குப் படத்தைக் காட்டிக்கிட்டிருந்தே. திரும்பிட்டேன்.”

“அவ செத்தப்புறம் சொல்லியிருக்கலாமே?”

“நீ என் முகத்தைப் பார்க்கவே இல்லையே.”

நல்லசிவம் கொட்டகையை விட்டு இறங்கி மழையிலேயே நடந்தார். பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். அவர் நிற்கவில்லை.

இரண்டு நாள் அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அந்த மாதம் முழுவதையும் நாள் நாளாக எடுத்துப் பார்த்தார். கனகம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அலகாபாத்தில் ஒருநாள் தங்கலாமா என்று அவர் கேட்டபோது, “ரெண்டு நாள் தங்கலாம், அவசரம் என்ன?” என்று சொன்னாள். அவர் உடனே ரப்பரை எடுத்து ஒன்றை அழித்துவிட்டு இரண்டு என்று எழுதினார். அப்போது அவள் சிரித்தாளே, அந்தச் சிரிப்பையும் எடுத்துப் பார்த்தார்.

மூன்றாம் நாள் காலை மேற்குக் கரைக்கு வந்து பிலோமினாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு வருடத்தில் அவர் இத்தனை நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. பிலோமினா தூண்டிலைக் கரையில் எடுத்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அம்மா? அதனாலதான் அங்க அனுப்பினீங்களா?” என்றார் நல்லசிவம்.

“இல்லை ஐயா. நான் மீனைப் பத்தித்தான் யோசிச்சேன்.”

ஏரியில் பனி விலகிக்கொண்டிருந்தது.

“இப்ப யார் மேல கோபம்?” என்று பிலோமினா கேட்டார்.

“கனகத்து மேல வரலை. வர மாட்டேங்குது. அவன் மேல கோபப்பட்டே பழகிப்போச்சு, இப்ப அங்கயும் நிக்க மாட்டேங்குது. நாலு வருஷமாத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சதை எங்க இறக்கி வைக்கிறதுன்னு தெரியலை.”

“அவரும் அந்த நாலு வருஷம் ஒண்ணைத் தூக்கிக்கிட்டுத்தானே திரிஞ்சிருக்கார். அவர் எங்க வச்சிருந்தாராம்?”

நல்லசிவம் எழுந்தார். பண்ணை வழியாகப் போகாமல் ஏரியோரமாகவே கிழக்குக் கரைக்கு நடந்தார். சுற்றிப் போக முக்கால் மணி நேரம் ஆகும். தேவசகாயம் மட்டும்தான் வந்திருந்தார். நாவல் மரத்தடியில் உட்கார்ந்து நரம்பின் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தார். நல்லசிவம் பக்கத்தில் உட்கார்ந்து மறுமுனையைக் கையில் எடுத்தார். வெகுநேரம் இருவரும் சிக்கலை மட்டும் பார்த்தார்கள்.

“அன்னைக்கு வேற என்ன சொன்னா?”

“உனக்குக் காபியில சர்க்கரை போடக் கூடாது, நீ கேட்டாலும் போடாதீங்கன்னா. என்னை வரவே கூடாதுன்னு சொல்லிட்டே, பிறகு இதை நான் எப்படிப் பார்த்துக்கிறதுன்னு கேட்டேன். சிரிச்சா.”

நல்லசிவம் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. தேவசகாயம் அவரைத் தொடவில்லை. சிக்கலை எடுத்துக்கொண்டே இருந்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து, விஷயம் என்னவென்று கேட்காமல், சற்றுத் தள்ளித் தூண்டில் போட்டார்கள். அன்றுதான் முதல் தடவையாக அவர்கள் நாவல் மரத்தை விட்டு வேறு இடத்தில் போட்டது. பத்து மணிக்கு ஒருவருக்கு மூன்று கிலோக் கெண்டை விழுந்தது. கரையே கத்தியது.

மறுவாரம் நல்லசிவம் நான்காக மடித்த தாள் ஒன்றோடு நாற்றுப்பண்ணைக்கு வந்தார். சங்கத்தின் விண்ணப்பப் படிவம். முன்மொழிபவர் இடத்தில் தேவசகாயம் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்.

“நீங்களும் சேரலாமே அம்மா?”

“பண்ணைக்கு வர்றவங்க அம்பது பேர்கிட்ட தினம் பேசுறேன் ஐயா. ஒரு மணி நேரம் பேசாம இருக்கத்தான் கரைக்கே போறேன்.”

“அப்ப நான் இனிமே இங்க வரக் கூடாதா?”

“வாங்க. பேசாம இருக்கணும்னு தோணும்போது வாங்க.”

நல்லசிவம் பேனாவை எடுத்தார். பெயர், வயது, முகவரி எல்லாம் வரைபடத்தில் எழுதுகிற அதே அச்சு எழுத்தில் எழுதினார். கடைசி வரியில் பேனா நின்றது.

“சேரும் நோக்கம்னு ஒரு கேள்வி இருக்கு,” என்றார். “என்ன எழுதுறது? கெண்டை பிடிக்கன்னு எழுதினா பொய்யாயிடுமோ?”

பிலோமினா நாற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தாளை ஒருமுறை பார்த்தார்.

“கெண்டைன்னே எழுதுங்க ஐயா. அங்க எல்லாரும் அதைத்தான் எழுதியிருப்பாங்க.”